எஃப் 1 அழுத்தினால் சரியாகிவிடும்

லேப்டாப்பை என் மேசையில் வைக்கும்போதே கணக்குப் பிரிவு மேடம் இரண்டு விஷயம் சொன்னார். "தம்பி, பேட்டரி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. சார்ஜர் போட்டாத்தான் ஓடும். காலையில ஆன் பண்ணினா இங்கிலீஷ்ல ஏதோ எழுதி எஃப் 1 அழுத்தச் சொல்லும். அழுத்திட்டா சரியாயிடும்." நான் தலையாட்டிவிட்டு, ஃபைல்கள் எந்த டிரைவில் இருக்கின்றன என்று கேட்டேன். எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

2012இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 7ஓடு வந்து, பின்னால் 10க்கு மாறியது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கும்; அந்த வசதி இதில் இல்லை. ஆனால் கீபோர்டில் ஓர் எழுத்துகூட அழியவில்லை, திரையில் கீறல் இல்லை, ராம் 8 ஜிபி இருக்கிறது. இப்படிப்பட்ட ஒன்றைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. மேடத்துக்கு வேண்டியது பிரவுசரும் விரிதாளும்தான். விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டுத் தருகிறேன் என்றேன். ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நாலைந்தைத் திறந்து காட்டினேன். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கில் கை வைத்தேன். எத்தனை அவசரமானாலும் இந்த ஒரு படியை நான் தாண்டுவதில்லை.

பழைய விண்டோஸ், லெகசி என்ற பழைய துவக்க முறையில், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் இருந்தது. புதிதாகப் போடுகிறோம், எதற்கு 1983இல் டாஸ் 2.0ஓடு வந்த அமைப்பு என்று நினைத்து, ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு நிரலான பயாஸுக்குள் போய், யூஈஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறைக்கு மாற்றினேன். டிஸ்க்கையும் எம்பிஆரிலிருந்து ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றினேன். அரை மணி நேரத்தில் நிறுவல் முடிந்தது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரையில் ஒரே வரி: நோ பூட்டபிள் டிவைஸ். துவக்க எதுவும் இல்லை என்று அர்த்தம்.

பென்டிரைவில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, வேறொன்றில் எழுதி மறுபடி நிறுவினேன். அதே வரி. ஒரு நாள் அப்படியே போனது. ஒரு வேலை தோற்றால் அதையே திரும்பச் செய்யும் பழக்கம் இந்தத் தொழிலில் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. நிறுவுவது பெரும்பாலும் தானாக நடக்கும், சதவீதம் ஏறும், நாமும் ஏதோ வேலை செய்வதுபோல் இருக்கும். ஆனால் எங்கே நின்றது என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை.

மறுநாள் காலையில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸைத் துவக்கி, ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. பகுதிகள் சரி, ஃபைல்கள் சரி, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையிலும் பழுதான செக்டார் ஒன்றுகூட இல்லை. நான் போட்ட ஓஎஸ் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் கூப்பிடவில்லை. அப்புறம்தான் யோசனை சரியான பக்கம் திரும்பியது.

யூஈஎஃப்ஐ முறையில் டிஸ்க்கில் தனியாக ஒரு சின்னப் பகுதி இருக்கும். ஃபேட் 32 வடிவம். ஓஎஸ்ஸைத் துவக்கும் கோப்பு அதற்குள் இருக்கும். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நிறுவும்போது மதர்போர்டின் நினைவகத்தில் குறித்து வைப்பார்கள். டெபியன் தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே வைக்கும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மதர்போர்டு தானாகத் தேட வேண்டிய பொது இடம் ஒன்றும் உண்டு: பூட் என்ற ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. இந்த லேப்டாப் குறிப்பை வாங்கிக்கொண்டு, ரீஸ்டார்ட் ஆனதும் தூக்கிப் போட்டுவிடுகிறது. யூஈஎஃப்ஐ பரவத் தொடங்கிய காலத்து லேப்டாப்களில் இப்படிச் சில உண்டு. பொது இடத்திலோ ஒன்றும் இல்லை. டெபியன் பென்டிரைவில் உள்ள மீட்பு முறைக்குப் போய், அந்தப் பொது இடத்திலும் ஒரு நகல் வைக்கச் சொன்னேன். ரீஸ்டார்ட் செய்தேன். துவங்கியது. பத்துத் தடவையாவது அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் துவங்கியது. மதியம் மேடத்திடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வேறு வேலைக்குப் போனேன்.

அடுத்த நாள் காலையில் லேப்டாப்போடு வந்து நின்றார். "தம்பி, எஃப் 1 கேட்டுச்சு, அழுத்தினேன். அப்புறம் இப்படி வந்து நிக்குது." அதே கறுப்புத் திரை, அதே வரி.

இந்த முறை அவர் சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது. எஃப் 1. முதல் நாள் ஆன் செய்தபோது நானும் அதைப் பார்த்தேன். நானும் அழுத்தினேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. சார்ஜரைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி மாட்டி ஆன் செய்தேன். இப்போது படித்தேன்: தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, சிமாஸ் தகவல் பழுது, தொடர எஃப் 1 அழுத்தவும். பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி 2012 ஜனவரி 1. பூட் முறை: லெகசி. நான் யூஈஎஃப்ஐ என்று மாற்றி வைத்ததன் சுவடே இல்லை.

தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் மறக்காமல் வைத்திருக்கும் சின்ன பேட்டரியான சிமாஸ் செல் தீர்ந்துபோயிருக்கிறது. சார்ஜரில் இருக்கும்வரை செட்டிங் நிற்கும். பெரிய பேட்டரி நன்றாக இருந்திருந்தால் அதுவும் தாங்கியிருக்கும். இதில் அதுவும் போய்விட்டதால், மாலையில் மேடம் சார்ஜரைக் கழற்றிய உடனே எல்லாம் மறந்து, வாங்கிய நாளின் நிலைக்குப் போய்விடுகிறது. லெகசிக்கு மாறிய பயாஸ் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். துவக்க நிரல் இருக்க வேண்டிய 446 பைட்டும் ஜிபிடி டிஸ்க்கில் வெறும் பூஜ்யம். துவக்க எதுவும் இல்லை என்று அது சொன்னது உண்மைதான். என் மேசையில் இரண்டு இரவும் சார்ஜர் மாட்டியே இருந்தது. அதனால்தான் பத்துத் தடவை சோதித்தும் எனக்கு இது தெரியவில்லை.

இதில் என்னை உறுத்தியது வேறொன்று. அந்த செல் போய் எத்தனை காலம் ஆனதோ, மேடத்துக்கு அதனால் ஒரு நாளும் வேலை கெடவில்லை. பழைய விண்டோஸ் லெகசியில் இருந்தது, பயாஸ் மறந்துபோய்த் திரும்பிப் போகும் இடமும் லெகசி. இரண்டும் பொருந்தி ஓடிக்கொண்டிருந்தன. தேதியை இணையத்திலிருந்து விண்டோஸே சரிசெய்துகொண்டது. ஓடிக்கொண்டிருந்ததை நல்லது செய்வதாக நினைத்து மாற்றியது நான். அவரோ ஒவ்வொரு காலையும் அந்த அறிவிப்பைப் பார்த்து, தன்னால் முடிந்த வழியில் சமாளித்து, என்னிடம் கொடுக்கும்போது மறக்காமல் சொல்லியும் இருக்கிறார். கம்ப்யூட்டர் மொழியில் சொல்லவில்லை, அவ்வளவுதான். நோய்க்குறி முழுசாக அந்தப் பேச்சில் இருந்தது.

அடிமூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வைத்தேன். நீளம் வேறு வேறு, மாற்றிப் போட்டால் மேல்புறம் குத்திக்கொண்டு வரும். மதர்போர்டின் ஓரத்தில், கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள் சுருண்டு கிடந்தது அந்த செல். சிகப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய ஒயர், முனையில் அரிசி அளவுக்கு ஒரு கனெக்டர். சிஆர்2032, நாணயம் போல 20 மில்லிமீட்டர் அகலம். மல்டிமீட்டரை வைத்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது 0.4 காட்டியது. நகத்தால் கனெக்டரை இழுக்காமல், பிளாஸ்டிக் முனையால் மெல்ல நகர்த்தி எடுத்துப் புதியதைப் பொருத்தினேன்.

செல்லை மாற்றியதோடு நிறுத்தியிருக்கலாம். லேப்டாப் ஓடும். ஆனால் புதிய செல்லும் ஒரு நாள் தீரும். அன்று இந்த மேசையில் நான் இருப்பேனா என்று தெரியாது. எம்பிஆர் அமைப்பு 2 டெராபைட் வரை தாங்கும், இது 500 ஜிபி டிஸ்க். யூஈஎஃப்ஐயால் மேடத்துக்குக் கிடைக்கப் போவது எதுவும் இல்லை. அதனால் மூன்றாவது முறையாக நிறுவினேன், இந்த முறை லெகசியில். முடிந்ததும் செல்லைக் கழற்றி, சார்ஜரையும் பிடுங்கி, மதிய உணவு முடிந்து வரும்வரை அப்படியே விட்டேன். திரும்பி வந்து ஆன் செய்தேன். எஃப் 1 கேட்டது. அழுத்தினேன். துவங்கியது. பிறகு செல்லை மாட்டி, தேதியைச் சரிசெய்து, மூடியைப் போட்டேன். உள்பக்கத்தில் ஒரு சின்னத் தாளில் செல் மாற்றிய தேதியையும் 'லெகசி' என்ற சொல்லையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மேடத்திடமிருந்து போன். எடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் பதற்றம்தான்.

"தம்பி, இன்னிக்கு எஃப் 1 கேட்கவே இல்லையே. நேரா உள்ள போயிடுச்சு. ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"இல்லை மேடம். இனிமே கேட்காது. என்னைக்காவது மறுபடி கேட்டா, அழுத்துறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க."