எத்தனையால் தோற்றார்கள்?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு ஐரோப்பியப் பெண்கள் கழகக் கூடைப்பந்தாட்டத்தைப் பின்தொடர வேண்டுமானால், முதலில் கடிகாரக் கணக்கைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பிராக்கில் குளிர்காலத்தில் இரவு 8 மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30. மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைத்த பிறகு அதுவே 11.30. துருக்கியில் இந்த மாற்றம் கிடையாது. இஸ்தான்புல்லில் 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எந்த மாதமானாலும் நமக்கு 9.30தான். அட்டவணையில் புதன் என்று போட்டிருப்பது பல நேரம் நமக்கு வியாழன். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் லயத்தில் வீடியோவோடு மல்லுக்கட்ட வேண்டாம். சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான ஃபீபாவின் தளத்தில் நேரடிப் புள்ளிவிவரம் ஓடும். டேட்டாவும் அதிகம் போகாது.

அடுத்தது புள்ளிப் பட்டியல். முதல்நிலைத் தொடரான யூரோலீக்கின் 2023-24 பருவத்தை எடுத்துக்கொள்வோம். 16 அணிகள், எட்டெட்டாக இரண்டு குழுக்கள், ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் நான்கு அணிகள் காலிறுதிக்கு. வெற்றிக்கு 2 புள்ளி, தோல்விக்கும் 1 புள்ளி. ஆட வராமல் விட்டுக்கொடுத்தால்தான் பூஜ்ஜியம். ஆகவே 9 வெற்றி, 5 தோல்வி என்றால் 23.

இரண்டு அணிகள் சமமாக நின்றால் பலர் மொத்தப் புள்ளி வித்தியாசத்தைப் பார்த்துத் தவறான அணியை மேலே வைப்பார்கள். முதலில் பார்ப்பது அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும்தான். முதல் ஆட்டத்தில் 4 புள்ளியால் வென்று, மறு ஆட்டத்தில் 9 புள்ளியால் தோற்ற அணி கீழேதான் நிற்கும். மற்ற ஆட்டங்களில் அது நூறு புள்ளி குவித்திருந்தாலும் பயனில்லை. எப்படியும் தோற்கப்போகிற அணி கடைசி நிமிடத்தில் டைம் அவுட் கேட்பது இதனால்தான். 12 புள்ளித் தோல்வியை 8 ஆக்குவதற்குப் போராடுகிறார்கள்.

இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போவது இரண்டாம் நிலைத் தொடரான யூரோகப்பில். யூரோலீக்கை விட அதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். குழுச் சுற்று முடிந்ததும் சொந்த மண்ணில் ஒன்று, எதிரணி மண்ணில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள். இரண்டின் ஸ்கோரையும் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டம் சமனில் முடிந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள், மேலதிக நேரம் கிடையாது.

முதல் ஆட்டத்தில் 7 புள்ளியால் தோற்ற அணி, மறு ஆட்டத்தில் 5 புள்ளி முன்னிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 விநாடி மிச்சம், பந்து எதிரணியிடம். எறிவதற்கு 24 விநாடி அவகாசம் இருப்பதால் எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தை ஓட்டிவிடலாம். அதனால் முன்னிலையில் இருக்கும் அணியே வேண்டுமென்று ஃபவுல் செய்யும்! அந்தக் கால்பகுதியில் நான்கு ஃபவுல் ஏற்கெனவே ஆகியிருந்தால் எதிரணிக்கு, யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் தவறிப் பந்து கைக்கு வந்தால், சாதாரண கூடை ஒன்று முன்னிலையை 7 ஆக்கும். கூட்டுத்தொகை சமன், மேலதிக நேரம். 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் 8, அதோடு கதை முடிந்தது. குழுச் சுற்றில், ஆட்டத்தைச் சமனாக்கி மேலதிக நேரத்தில் வித்தியாசத்தைக் கூட்டலாம் என்று தன் கூடையிலேயே வேண்டுமென்று போடுகிற தந்திரமும் செல்லாது. அது விதிமீறல், புள்ளி ஏறாது.

பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவர்களுக்கு ஓட்டமும் மோதலும் புதிதாகத் தெரியலாம், கணக்கு பிடிபட்டுவிடும். கூடை 3.05 மீட்டர் உயரம், வலைப்பந்து வளையமும் அதே அளவுதான்.

பெரிய தொடரான யூரோலீக்கின் இறுதியாட்டத்தில் இந்தச் சூட்சுமங்கள் எதுவும் இல்லை. ஒரே ஆட்டம். 2024 ஏப்ரலில் மெர்சினில் துருக்கியின் ஃபெனர்பாச்சே 106-73 என்று பிரான்ஸின் வில்நெவ் தாஸ்க்கை அடித்துத் துவைத்தது. அத்தனை பெரிய இடைவெளி, கூட்டிப் பார்க்க ஒன்றுமே இல்லை.

யூரோகப்பின் மறு ஆட்டத்துக்கு விழித்திருப்பவர்கள் முதல் ஆட்ட ஸ்கோரை ஒரு துண்டுத் தாளில் எழுதி போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் பலகையில் அன்றைய ஆட்டத்தின் எண்தான் தெரியும். 12.30 மணிக் குளிரில் கம்பளிக்குள் இருந்துகொண்டு மனக்கணக்குப் போட்டால் ஒன்றிரண்டு பிசகும்.