ஆம்புலன்ஸ் கூப்பிட்டா எவ்வளவு ஆகும்?

2023 அக்டோபர். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், போன் அடித்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு உணவகத்தின் அடுக்களையில் வேலை பார்க்கும் மன்னார்குடி அண்ணன். எங்கள் அபார்ட்மெண்டில் கீழ்த்தளத்தில் இன்னும் இரண்டு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

"மன்னிச்சுக்க தங்கச்சி, இந்நேரத்துல எழுப்பிட்டேன். ஆம்புலன்ஸ் கூப்பிட்டா எவ்வளவு ஆகும்?"

என்ன செய்கிறது என்று நான் கேட்ட பிறகுதான் மற்றதைச் சொன்னார். இடுப்பில் வலப்பக்கம் பிடுங்கி எடுக்கிறது, சாயங்காலத்திலிருந்து நாலு தரம் வாந்தி, சிறுநீரில் ரத்தம். ஆறு மணி நேரமாகத் தரையில் புரண்டுகொண்டிருந்த மனிதர் முதலில் கேட்டது விலையை.

ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் என் கணவர் காரை எடுத்தார். 2022-ல் நடைமுறைக்கு வந்த 'எதிர்பாராத பில்' தடைச் சட்டம்கூடத் தரைவழி ஆம்புலன்ஸைத் தொடவில்லை. அதன் பில் தனியாக வரும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் அதையெல்லாம் யோசிக்காமல் 911-ஐத்தான் கூப்பிட வேண்டும். அன்றைக்கு அவர் நிதானத்தில் இருந்தார், மருத்துவமனையும் பத்து நிமிஷத் தூரம்தான்.

வழியெல்லாம் அண்ணன் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "இன்ஷூரன்ஸ் கார்டு இல்லன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்கம்மா." அனுப்ப முடியாது அண்ணே என்றேன். 1986-லிருந்து அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது. முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரிடம் பணம் வாங்கும் எந்த மருத்துவமனையும் எமர்ஜென்சிக்கு வருபவரை, பணம் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் பரிசோதித்து, ஆபத்து இருந்தால் நிலைமையைச் சீராக்கியே ஆக வேண்டும். பிறகு பில் வரும்தான். ஆனால் வாசலில் தடுக்க முடியாது.

இதை அவ்வளவு உறுதியாக நான் சொன்னதற்குக் காரணம், ஏழு மாதம் முன்னால் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

2019-ல் கும்பகோணத்திலிருந்து நியூஜெர்சி எடிசனுக்கு வந்தோம். கணவருக்கு எச்1பி என்ற வேலை விசா, எனக்கும் மகளுக்கும் அதைச் சார்ந்த எச்4. கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டுகளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, அதோடு அந்த வேலை முடிந்தது என்று நினைத்தோம். முதல் குளிர்காலத்தில் மகளுக்கு வீசிங் வந்து எமர்ஜென்சிக்கு ஓடினோம். மூன்று வாரம் கழித்து ஒரு காகிதம் வந்தது. ஆயிரக்கணக்கில் தொகை போட்டு, கூடவே 'இது பில் அல்ல' என்றும் அச்சடித்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உண்மையான பில் அதற்குப் பிறகுதான் வந்தது. மாதாமாதம் பிரீமியம் பிடிக்கிறார்களே, பிறகு ஏன் நாம் கட்ட வேண்டும் என்று கணவரோடு சண்டையே போட்டேன். டிடக்டிபிள் என்று ஒன்று இருக்கிறது, அந்தத் தொகை வரைக்கும் நம் கைக்காசு, அதைத் தாண்டிய பிறகுதான் இன்ஷூரன்ஸ் பங்கு போடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவமனை பில்லில் இருக்கும் தொகை அதில் 'உங்கள் பங்கு' என்று போட்டிருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால், கட்டுவதற்கு முன் இரண்டு இடத்துக்கும் போன் போட்டுக் கேளுங்கள்.

2023 மார்ச்சில் கணவருக்கு வேலை போனது. விசா பயம் ஒரு பக்கம். வேலை இழந்த எச்1பி காரருக்கு அறுபது நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். இன்னொரு பக்கம் மகளின் இன்ஹேலர். மாதக் கடைசியோடு இன்ஷூரன்ஸ் நிற்கும் என்று கடிதம் வந்தது. கூடவே கோப்ரா படிவம். பழைய கம்பெனி இன்ஷூரன்ஸையே பதினெட்டு மாதம் வரை நாமே பணம் கட்டித் தொடரலாம். ஆனால் இதுவரை கம்பெனி கட்டிவந்த பங்கும் நம் தலையில், அதற்கு மேல் இரண்டு சதவீதம் நிர்வாகச் செலவு. மூன்று பேருக்கும் சேர்த்து மாதம் 2,000 டாலருக்கு மேல். எங்கள் வாடகையைவிட அதிகம். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மேல்மாடியில் மதுரை அக்கா ஒருவர் இருந்தார், ஒரு கிளினிக்கில் பில்லிங் வேலை. படிவத்தை வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். "ஏண்டி, மூணு பேருக்கும் எடுக்கணும்னு யாரு சொன்னா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி உரிமை. பிள்ளைக்கு மட்டும் எடு."

அது சட்டத்திலேயே இருக்கிறது. கணவனுக்கு வேண்டாம், மனைவிக்கு வேண்டாம், பிள்ளைக்கு மட்டும் போதும் என்று டிக் அடிக்கலாம். எங்கள் செலவு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அக்கா சொன்ன இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. கோப்ராவுக்குச் சம்மதம் சொல்ல அறுபது நாள் இருக்கிறது. ஐம்பத்தெட்டாவது நாள் கையெழுத்துப் போட்டாலும், இன்ஷூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே பின்னோக்கிச் செல்லுபடியாகும். இடைப்பட்ட மாதங்களின் பிரீமியத்தை மட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் எங்கள் படிவங்களைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு நாள் எண்ணினோம். ஏதாவது ஆகிவிட்டால் போடலாம் என்று. ஏழாவது வாரத்தில் கணவருக்கு வேலை கிடைத்தது. படிவங்கள் அப்படியே இருந்தன.

அந்த ஏழு வாரமும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். வேலை போனால் மாநிலத்தின் 'கெட் கவர்டு நியூஜெர்சி' இன்ஷூரன்ஸ் சந்தையில் சேரவும் அறுபது நாள் தனி அவகாசம் உண்டு, எச்1பி, எச்4 காரர்களும் அதில் சேரலாம் என்பது அப்போது தெரிந்ததுதான். 2023 ஜனவரியிலிருந்து நியூஜெர்சியில், வருமான வரம்புக்குள் இருக்கும் குடும்பத்தின் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, விசா நிலை எதுவானாலும் 'நியூஜெர்சி ஃபேமிலிகேர்' என்ற அரசு இன்ஷூரன்ஸ் கிடைக்கும் என்பதும் தெரிந்தது. கோப்ரா சட்டத்தைப் புரட்டும்போதுதான், எமர்ஜென்சி வாசலில் யாரையும் தடுக்கக் கூடாது என்ற விதியும் அதே சட்டத்தொகுப்பில் வந்தது என்று பார்த்தேன். இவ்வளவும் இருந்தும், நாங்கள் இருந்த நாலு வருஷத்தில் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை. எந்தக் கடையில் முருங்கைக்கீரை புதிதாக வந்திருக்கிறது என்று உடனே சொல்வோம். பில் கட்ட முடியவில்லை என்பதை மட்டும் மூடி மூடி வைப்போம்.

அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல். வலிக்கு ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, குழாய் வைத்து, மறுநாள் சாயங்காலம் அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் பில் வந்தது: 18,000 டாலரும் சில்லறையும். அவருடைய வருஷ சம்பளமே 26,000. ஊரில் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். அண்ணன் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மாசம் இருநூறு கட்டினா எத்தனை வருஷம் ஆகும்னு கணக்குப் போட்டுச் சொல்லும்மா" என்றார்.

நான் கணக்குப் போடவில்லை. 'சாரிட்டி கேர்' கேட்கலாம் அண்ணே என்றேன். அது என்ன என்று கேட்டார். என்ன சொல்வது? தர்மம் என்றுதான் வாயில் வந்தது. முகம் சுருங்கிப்போனது.

"பிச்சை எடுக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

அந்த ஒரு சொல்லை நான் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். அது பிச்சை அல்ல. நியூஜெர்சியில் எமர்ஜென்சி பார்க்கும் மருத்துவமனைகளெல்லாம் சட்டப்படி நடத்தியாக வேண்டிய மாநிலத் திட்டம். கூட்டாட்சி அரசு அறிவிக்கும் வறுமைக்கோட்டு வருமானத்தின் இரண்டு மடங்குக்குள் இருந்தால் மருத்துவமனைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, மூன்று மடங்கு வரை படிப்படியாகச் சலுகை. 2023-ல் தனி ஆளுக்கு அந்தக் கோடு 14,580 டாலர்; இரண்டு மடங்கு என்றால் 29,160. அண்ணன் அதற்குள் இருந்தார். சேமிப்பு தனி ஆளுக்கு 7,500 டாலரைத் தாண்டக் கூடாது; அவர் கணக்கில் எண்ணூறு இருந்தது. மற்ற மாநிலங்களில் இருப்பவர்களும் இதைக் கேட்க வேண்டும். லாப நோக்கில்லாமல் நடக்கும் மருத்துவமனை வரிச்சலுகை பெற வேண்டுமானால் நிதியுதவித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருந்தே ஆக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு அனுப்பும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். எவ்வளவு தள்ளுபடி என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்.

"நீங்க கட்டுற வரியிலயும் இது இருக்கு அண்ணே" என்று சொன்னபோது கொஞ்சம் நிமிர்ந்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "நீயும் கூட வர்றியாம்மா" என்றார்.

நிதியுதவிப் பிரிவு மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது. அடையாள அட்டை, நியூஜெர்சியில் குடியிருப்பதற்குச் சான்று, சிகிச்சைத் தேதிக்கு முந்தைய மாதத்தின் பே ஸ்டப் என்ற சம்பளச் சீட்டு, சரியாக அந்தத் தேதியில் வங்கியில் எவ்வளவு இருந்தது என்ற ஸ்டேட்மெண்ட். தேதியில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். போன வார ஸ்டேட்மெண்ட்டைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாங்களும் ஒரு முறை திரும்பி வந்தோம்.

இரண்டாம் முறை போனபோது அங்கிருந்த பெண்மணி, அவர் எந்த மொழி பேசுவார் என்று கேட்டார். தமிழ் என்றதும் மேஜை போனில் எண்ணை அழுத்தினார். இலவச மொழிபெயர்ப்பாளர், கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. நான் எத்தனையோ முறை அரைகுறை ஆங்கிலத்தில் மென்று விழுங்கியிருக்கிறேன், இதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. ஸ்பீக்கரில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்குரல் வந்தது. "வணக்கம். நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் சொல்லுங்கோ, நான் அவவிட்டச் சொல்லுறன்."

அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசத் தொடங்கினார். வேலை, சம்பளம், பெண்கள், ஊருக்கு அனுப்பும் பணம், எல்லாம். வலியில் துடித்த ராத்திரிகூட அவர் அவ்வளவு பேசவில்லை. கடைசியில் அந்தப் பெண்மணி ஏதோ சொல்ல, போனில் குரல் வந்தது: "இதுக்காக நீங்கள் யோசிக்க வேண்டாமாம். உங்களைப் போல நிறையப் பேர் வருகினமாம்." அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முழுத் தள்ளுபடி கிடைத்தது. ஆனால் அது மருத்துவமனைக் கட்டணத்துக்கு மட்டும். மயக்க மருந்து மருத்துவர், ஸ்கேன் படித்த மருத்துவர் என்று தனித்தனியாக இரண்டு பில் பின்னால் வந்தன. அவை இந்தத் திட்டத்துக்குள் வராமல் போகலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு, விவரம் பிரித்த பில் கேட்டு, இன்ஷூரன்ஸ் இல்லாதவர், சாரிட்டி கேர் கிடைத்தவர் என்று சொன்னோம். ஒன்று பாதியாகக் குறைந்தது. இன்னொன்றை வட்டி இல்லாமல் மாதம் நாற்பது டாலராகக் கட்டினார்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். ஐம்பது முழுநேர ஆட்களுக்குக் குறைவான கடை என்பதால் முதலாளி கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்ணனிடம் கிரீன் கார்டு உண்டு, ஆனால் வந்து இரண்டு வருஷம்தான். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகெய்டு பெரியவர்களுக்குக் கிடைக்கப் பெரும்பாலும் ஐந்து வருஷம் ஆக வேண்டும். சந்தையில் சேர அந்தக் காத்திருப்பு கிடையாது. அந்த வருஷம் நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை சேர்க்கை. திட்டத்தில் சேர நம்மிடம் காசு வாங்காமல் உட்கார்ந்து உதவும் நேவிகேட்டரிடம் போனோம். பிரீமியம் குறைவு என்று 'பிரான்ஸ்' (Bronze) வகைத் திட்டத்தைத் தொட்டார் அண்ணன். நேவிகேட்டர் தடுத்து, இந்த வருமானத்துக்குச் 'சில்வர்' வகை எடுத்தால் மட்டும்தான் டிடக்டிபிளும், டாக்டரிடம் போகும்போதெல்லாம் நாம் கட்டும் கோபேயும் குறையும் என்று விளக்கினார். மானியம் போக மாதம் இருபது டாலருக்குள் முடிந்தது. 2021-ல் உயர்த்திய அந்த மானியம் சட்டப்படி 2025 கடைசி வரைக்கும்தான். ஆகவே என் கணக்கை வைத்து இந்த வருஷத் தொகையை நினைக்காதீர்கள், போட்டுப் பாருங்கள்.

ஜனவரிவரை இடைவெளியில் அவர் பெர்த் அம்பாயில் ஒரு சமுதாய சுகாதார மையத்துக்குப் போனார். இப்படிப்பட்ட மையங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வைப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் நடுவே அவர் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி, இதை வாங்கினால் நாளைக்குக் குடியுரிமைக்கு வில்லங்கம் வருமா என்பது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அரசு உதவி வாங்கியவர்களுக்குக் கிரீன் கார்டை மறுக்கலாம் என்று 2020-ல் ஒரு கடுமையான விதி வந்து, 2021-ல் விலக்கப்பட்டு, 2022 டிசம்பரில் மென்மையான விதி வந்தது. ஆட்சி மாறினால் இது மாறுகிறது. அதனால் நான் சமாதானம் சொல்லவில்லை. இலவச சட்ட உதவி மையத்துக்குத்தான் கூட்டிப்போனேன். அவர் நிலையில் சிக்கல் இல்லை என்று அங்கே சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் அண்ணன் போன் செய்தார். அடுக்களையில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு எண்ணெய் கொட்டிக் கை வெந்துவிட்டதாம். பதறிப்போனேன்.

"மருந்து போட்டாச்சும்மா. வேலையில ஆன காயம், முதலாளி கட்டவேண்டிய இன்ஷூரன்ஸ் தனியா இருக்காமே, அதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எதுக்கும் அவன் பே ஸ்டப்பு, அன்னைத் தேதி பேங்க் பேப்பரு எல்லாம் எடுத்து வச்சிட்டேன். அந்தப் பின்கட்டு ரூமு எத்தனாம் மாடின்னு மட்டும் சொல்லு."