கதவைப் பூட்டாதீர்கள் அப்பா

படம் முடிந்து வெளியே வந்ததும், கூட வந்த பிரெஞ்சுத் தோழி சொன்னாள்: "அந்த மகளைத்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை. எப்போதாவது வருகிறாள், அழுகிறாள், போய்விடுகிறாள்." எனக்குச் சுருக்கென்றது. நான் அழுததெல்லாம் அந்த மகளுக்காகத்தான்.

மிக்கேல் ஹானெக்கே எடுத்த 'அமூர்' அது. 2012இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனை வாங்கிய படம். பாரிசில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. எண்பது கடந்த இசை ஆசிரியர்கள் ஜார்ஜும் ஆனும். ஆனுக்குச் செய்த அறுவைச் சிகிச்சை சரிவராமல் வலப்பக்கம் விழுந்துவிடுகிறது. இனி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே என்று கணவரிடம் வாக்கு வாங்குகிறாள். ஆனாக நடித்த எம்மானுவேல் ரிவாவுக்கு 85 வயதில் ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. வாய் கோணி, சொல் குழறி, நீரைக்கூட விழுங்க மறுக்கும் அந்த முகத்தைப் பார்த்தால், அது நடிப்பு என்பதே மறந்துபோகும்.

வயதானவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பதுதான் என் வேலை. பிரான்ஸ் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. முதுமையில் எவ்வளவு உதவி தேவை என்று ஆறு தரமாகப் பிரித்து, முதல் நான்கு தரத்தாருக்கு உதவித்தொகை தருகிறார்கள். 2003 கோடை வெயிலில் சுமார் 15,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள், செத்துப்போன நாடும் இதுதான். நம் ஊரில் இப்படித் தனியே விடுவார்களா என்று எங்கள் ஆட்கள் அடிக்கடி கேட்பதுண்டு. இப்போது யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள்! பிள்ளைகள் பாரிசிலும் டொரொன்டோவிலும்.

படத்தில் ஒரு தாதி ஆனுக்குத் தலை வாருகிறாள். வெடுக் வெடுக்கென்று இழுத்து வாரி, அழகாக இருக்கிறீர்கள் என்று கண்ணாடியை முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். ஆன் முகத்தைத் திருப்புகிறாள். ஜார்ஜ் அந்தத் தாதியை வேலையைவிட்டே நிறுத்திவிடுகிறார். என் அப்பாவும் அப்படித்தான். அம்மாவுக்குப் பாரிசவாதம் வரும்வரை குசினிப் பக்கம் போகாத மனிதர். இப்போது கஞ்சி வைக்கிறார். நல்லெண்ணெய் வைத்து, ஒரு கையால் அம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டு, சிக்கெடுத்துப் பின்னிவிடுகிறார். பின்னல் இடப்பக்கமாகச் சரியும். கஞ்சியில் உப்புக் கூட என்று அம்மா பாதி வாயால் ஏசுவா, அப்பா சிரிப்பார். கைபேசியில் இதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனால், அங்கே நான் பராமரிக்கும் மதாமின் தலையை வாரும்போது என் கை எண்ணெய்ப் போத்தலைத் தேடுகிறது.

ஆனால் அப்பா காட்டுவது இவ்வளவுதான். "ஒண்டுமில்லை பிள்ளை, அம்மா படுத்திருக்கிறா" என்பார். அம்மா இரவில் விழுந்ததும் முதுகில் புண் வந்ததும் பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜார்ஜும் இப்படித்தான். மகளின் அழைப்புகளுக்குப் பதில் இல்லை. அவள் வந்து நின்றால் அம்மாவின் அறைக் கதவு பூட்டியிருக்கிறது. உன் கவலையால் எனக்கு ஒரு பயனும் இல்லை என்கிறார். உண்மைதான், பயனில்லை. அதற்காகக் கவலைப்படும் உரிமையைப் பறிக்கலாமா?

கடைசியில் ஜார்ஜ் தலையணையை எடுத்து ஆனின் முகத்தில் அழுத்துவதைத் தோழி கருணை என்றாள். நான் ஒப்பவில்லை. எல்லாரையும் வெளியே நிறுத்தி, தனியே தூக்கித் தூக்கி ஓய்ந்த மனிதரின் கை அது. காதல் இருந்தது, கைமாற்ற ஆள் இல்லை.

காலையில் வந்து உதவ ஒரு பெண்ணை ஒழுங்கு செய்திருக்கிறோம், நானும் டொரொன்டோவில் இருக்கும் தம்பியும். காசு பிரச்சினையில்லை. அப்பாதான் சம்மதிக்கவில்லை. "அவவுக்கு அம்மான்ர தலை பின்னத் தெரியாது பிள்ளை" என்கிறார். இந்த ஞாயிறு தம்பி கதைத்துப் பார்க்கிறானாம்.