காற்று திரும்பும் நேரம்

புரெவிப் புயல் நெருங்கிக்கொண்டிருந்த 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பிற்பகலில், பாம்பன் பக்கம் நான் வேலை பார்க்கும் மீன்வளத் துறை அலுவலகத்தில் நாட்டுப்படகுக்காரர் ஒருவர் என் மேசை முன் வந்து நின்று, "தம்பி, காத்து எப்பத் திரும்பும்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். "எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகம் இருக்கும்ணே, படகைப் பத்திரமான இடத்துல நிறுத்திக்கங்க" என்றேன். அவர் கேட்டது திசையை. நான் சொன்னது வேகத்தை. அவர் உடனே போய்விடவில்லை. "64-லயும் இலங்கையைத் தாண்டித்தான் வந்துச்சு" என்றார். அந்த ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியை நினைத்துப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு, "அவ்வளவு பெருசு இல்லண்ணே" என்று ஆறுதல் சொன்னேன். அவர் பயப்படவில்லை, புயல் வரும் பாதையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அன்றைக்கு நான் வேலையில் குறை வைக்கவில்லை. விசைப்படகுகளுக்கு அனுமதிச் சீட்டு நிறுத்தப்பட்டிருந்தது. கரை திரும்பாத படகுகளின் எண்களைச் சரிபார்ப்பதும், ஒவ்வொரு ஊர்த் தலைவரையும் தொலைபேசியில் பிடிப்பதும், மேலிடத்திலிருந்து மணிக்கொரு முறை கேட்கப்பட்ட எண்ணிக்கையைக் கொடுப்பதுமாகக் காலையிலிருந்து சாப்பிடக்கூட எழவில்லை. புரெவிப் புயலில் கடலில் ஆள் சிக்கக்கூடாது என்பது ஒன்றே எங்களுக்கு இடப்பட்டிருந்த வேலை. கரையில் நிற்கும் படகு அதற்கு அடுத்ததாகத்தான் இருந்தது. இதை நியாயமாகவே சொல்கிறேன், ஆனாலும் மனம் இதோடு நின்றுவிடுவதில்லை.

கேள்வியின் பொருள் எனக்குப் புரியாமலும் இல்லை. வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடலான பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். தெற்கிலிருந்து அடிக்கும் சோழகம் பிறந்தால் எல்லாம் தலைகீழாகும். ஆகவே கார்த்திகையில் படகைத் தென்கடலுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது பாம்பன் பக்கத்தில் வழக்கம். அந்த வழக்கத்தை இந்தப் புயல் எந்த நேரத்தில் பொய்யாக்கும் என்பதைத்தான் அவர் கேட்டார்.

விடை என் மேசையிலேயே இருந்தது. புயல் அன்றிரவு திருகோணமலைப் பக்கம் கரையேறும், பிறகு மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, 4-ஆம் தேதி அதிகாலை வாக்கில் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கடக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது. நம் பக்கத்துப் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. புயல் நமக்குக் கிழக்கே இருக்கும்வரை வாடை அடிக்கும், நம்மைத் தாண்டி மேற்கே போய்விட்டால் சோழகம் அடிக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பள்ளிப்பாடம் போதும். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகூட இதைத்தான் சொல்கிறது: ஐந்தாம் எண் என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம், ஆறாம் எண் என்றால் வலப்பக்கம், ஏழாம் எண் என்றால் புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்று பொருள். அந்தப் புயலுக்குப் பாம்பனில் ஏறியது ஏழாம் எண். எண் பெரிதானால் ஆபத்து பெரிது என்று மட்டுமே நாங்கள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவர் வழக்கப்படி படகைத் தென்கடலில் நிறுத்தினார். புயல் 3-ஆம் தேதி மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, கரையைக் கடக்காமல் ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே அசையாமல் நின்றுவிட்டது. எங்களுக்கு அது மேற்கே நின்றதால் தெற்கிலிருந்து அடித்த காற்று ஓயவே இல்லை. அன்றிரவு நங்கூரக் கயிறு அறுந்து, படகு பாறையில் மோதி, அடிப்பலகை பிளந்தது.

அறிக்கை சொன்னபடி அந்தப் புயல் கரையைக் கடக்கவில்லை என்பதை எனக்கு நானே பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நான் ஒரு திசையைச் சொல்லி, அது பாதை மாறிப் போயிருந்தால், படகு என் சொல்லால் உடைந்தது என்றாகியிருக்கும். வானிலையைக் கணித்துச் சொல்லும் அதிகாரமும் எனக்கு இல்லை. ஆனால் அவர் என்னிடம் கணிப்பைக் கேட்கவில்லை. "ரெண்டு பக்கமும் அடிக்கும் போலண்ணே, கரையில ஏத்திருங்க" என்று சொல்ல எந்த அதிகாரமும் தேவைப்பட்டிருக்காது. புயல் வராமலே போயிருந்தாலும் ஒரு மாலை நேரத்து உழைப்புதான் வீணாகியிருக்கும்.

என்னைவிட அதிகமாகக் காற்றை அறிந்த மனிதர் என்னிடம் ஏன் கேட்க வேண்டும் என்பதுதான் பல நாள் விளங்காமல் இருந்தது. படகை மணலில் ஏற்ற இருபது பேர் தோள் கொடுக்க வேண்டும். அன்று மாலை ஒவ்வொருவரும் தத்தம் படகைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, "ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்ற ஒரு வார்த்தை அவருக்குத் தேவைப்பட்டிருக்கலாம். அந்த வார்த்தையைப் பெற்றுப் போகத்தான் வந்தாரோ என்று தோன்றுகிறது. இதுவும் என் ஊகம்தான். அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சேதக் கணக்கு எடுக்கப் போனபோது அவர் படகை நானே அளந்து, பகுதிச் சேதம் என்று எழுதினேன். ஆறுதல் சொல்ல வாயெடுத்ததும், "நீங்க என்ன செய்வீங்க தம்பி, உங்க தாள்ல அது இருந்திருக்காது" என்றார். இருந்தது என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன், போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு வந்த புயல்களுக்கெல்லாம் அறிக்கையில் உள்ள பாதையைத் தாளில் வரைந்து, எந்த நேரத்தில் எந்தக் கரையில் காற்று மோதக்கூடும் என்று குறித்து வைத்துக்கொள்கிறேன். வருபவர்களுக்குச் சொல்கிறேன், சில முறை தவறாகவும் போயிருக்கிறது. அவரும் வேறு வேலையாக அலுவலகத்துக்கு வருகிறார், நலம் விசாரிக்கிறார். ஆனால் புயல் பற்றி என்னிடம் எதுவும் கேட்பதில்லை. எச்சரிக்கை வந்த அன்றே ஆள் கூட்டிப் படகை மணலில் ஏற்றிவிடுகிறார்.