கர்னலும் அம்மாவின் எழுத்துக்கூட்டலும்

என் மடிக்கணினியை இயக்கியதும் சில நொடிகளில் ஒரு சிறிய 'பீப்' கேட்கும். எந்தக் கர்னலை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் நிரலின் பட்டியல் வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். கர்னல் என்பது லினக்ஸ் இயக்க முறைமையின் மையப் பகுதி. க்ரப்பின் அமைப்புக் கோப்பில் 480 440 1 என்று ஒரு வரி முடக்கப்பட்டுக் கிடக்கும். அதன் முன்னால் உள்ள குறியை நீக்கி, க்ரப்பைப் புதுப்பித்தால் 440 ஹெர்ட்ஸில் அந்த ஒலி வரும். அது கேட்ட பிறகு கீழ் அம்பு ஒருமுறை, என்டர், கீழ் அம்பு இருமுறை, மறுபடி என்டர். பழைய கர்னல் ஏறிவிடும். இந்த விசை வரிசையை என் விரல்கள் மறக்காது. புதிய கர்னல் ஊமையாகிவிட்டால் எனக்கு இருக்கும் ஒரே வழி அதுதான்.

பன்னிரண்டு வயதில் எனக்குப் பார்வை போனது. கணினி என்றால் எனக்குக் குரல்தான். மற்றவர்களுக்கு ஒலி வராவிட்டால் பாட்டு கேட்க முடியாது, அவ்வளவுதான். எனக்கோ திரையே அணைந்துவிடும். அதனால் கர்னல் அமைப்பில் ஒலி தொடர்பான பகுதியை நான் வரிவரியாகப் படித்திருக்கிறேன்.

முதலில் அந்தக் குரல் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கருப்புத் திரை முனையத்தில் தோன்றும் எழுத்துகளை ஸ்பீக்கப் என்ற பகுதி எடுக்கிறது. அது கர்னலுக்குள்ளேயே இருப்பது. பல ஆண்டுகள் 'ஸ்டேஜிங்' என்ற காத்திருப்புப் பகுதியில் இருந்துவிட்டு, 2020இல் வெளிவந்த 5.9 கர்னலில்தான் அணுகல்தன்மைப் பிரிவில் முறையான இடம் பெற்றது. அந்தச் செய்தி வந்த நாளில் நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஸ்பீக்கப் எடுக்கும் எழுத்துகளை ஈஸ்பீக்கப் என்ற இணைப்பு நிரல் வாங்கி, ஈஸ்பீக் பேச்சுப் பொறியிடம் தருகிறது. அது உருவாக்கும் ஒலி, லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சா வழியாக ஒலி இயக்கிக்கும், இயக்கியிலிருந்து கட்டுப்பாட்டுச் சில்லுக்கும், அங்கிருந்து கோடெக் சில்லுக்கும், கடைசியில் ஒலிபெருக்கிக்கும் போகிறது. இதில் எந்த ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எனக்கு மௌனம்தான்.

நான் முதன்முதலில் மூல நிரலிலிருந்து சொந்தமாகக் கர்னல் தொகுத்தது ஒரு பழைய மடிக்கணினியில். ஐந்தாம் தலைமுறை இன்டெல் செயலி, இரண்டு கோர். முழு அமைப்போடு தொகுத்தால் பல மணி நேரம் ஆகும் என்பதால் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளையைப் பயன்படுத்தினேன். அந்த நேரத்தில் கணினியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை, அதாவது தனியாக ஏற்றக்கூடிய கர்னல் துண்டுகளை, மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது கழித்துவிடும். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் குறைக்கலாம் என்று நானே அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒலிப் பகுதியில் 'எச்.டி.ஏ. இன்டெல்' இருந்தது. கீழே 'ரியல்டெக் கோடெக்', 'பொதுக் கோடெக்', 'எச்.டி.எம்.ஐ. கோடெக்' என்று தனித்தனி வரிகள். என் கணினி இன்டெல்தானே, ரியல்டெக் எதற்கு என்று நினைத்து அதையும் பொதுக் கோடெக்கையும் நீக்கிவிட்டேன்.

2004இல் இன்டெல் வெளியிட்ட எச்.டி. ஆடியோ முறையில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தரவைக் கடத்தும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று. எண்களை ஒலி அலையாக மாற்றி, எது ஹெட்ஃபோன் துளை, எது ஒலிபெருக்கி என்று பிரித்தனுப்பும் கோடெக் மற்றொன்று. கட்டுப்பாடு இன்டெல்லாக இருந்தாலும் கோடெக் பெரும்பாலும் வேறு நிறுவனத்துடையது. இரண்டுக்கும் தனித்தனி இயக்கி வேண்டும்.

மறுதொடக்கம் செய்தேன். 'பீப்' கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அவசரத்துக்கு என்று மேசை இழுப்பறையில் ஒரு யூ.எஸ்.பி. ஒலி அட்டை வைத்திருந்தேன். அதைச் செருகினேன். அதிலும் மௌனம். லோக்கல்மாட்கான்ஃபிக் ஓடியபோது அது இழுப்பறைக்குள் இருந்தது. செருகப்படாத கருவியின் மாட்யூலும் கழிந்துபோயிருந்தது.

நேராகப் பழைய கர்னலுக்குப் போயிருக்கலாம். ஆனால் என்ன நடந்தது என்று தெரியாமல் போக மனம் வரவில்லை. பெயரையும் கடவுச்சொல்லையும் கணிப்பில் அடித்து உள்நுழைந்து, ஒலிக் கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும், சொற்கள் தெரியாது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சி, ஏ, ஆர், டி. அப்புறம் ஒரு சைபர். மேலும் கீழுமாக இரண்டு புள்ளி இருக்கிறது, அதையும் சொல்லட்டுமா கண்ணா?"

"எல்லாவற்றையும் சொல்லுங்கள் அம்மா."

"எச், டி, எம், ஐ."

மூன்று வரிகளையும் அப்படியே எழுத்துக்கூட்டினார். மூன்றிலும் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான். அம்மா நான்காவது வரி இல்லை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. தொலைக்காட்சிக்குப் போகும் கம்பிக்கு இயக்கி இருக்கிறது, என் காதுக்கு வரும் வழிக்கு இல்லை.

பழைய கர்னலுக்குத் திரும்பி ரியல்டெக்கைச் சேர்த்தேன். யூ.எஸ்.பி. ஆடியோவையும் சேர்த்தேன். எனக்கு ஒலி எல்லாவற்றிலும் முக்கியம் என்பதால், ஒலி வரிகள் அனைத்தையும் 'எம்'மிலிருந்து 'ஒய்'க்கு மாற்றினேன். 'எம்' என்றால் தேவைப்படும்போது ஏறும் தனி மாட்யூல், 'ஒய்' என்றால் கர்னலோடு சேர்ந்தே இருப்பது. கர்னலோடு இருந்தால் குரல் சீக்கிரம் வரும் என்பது என் கணக்கு.

மறுபடி மௌனம். இந்த முறை இழுப்பறை அட்டையைச் செருகி, ஸ்பீக்கப்பின் குரலை அதற்குத் திருப்பியதும் பேச்சு வந்தது. அதனால் காரணத்தை நானே தேட முடிந்தது. என் கணினியில் எச்.டி.எம்.ஐ.க்கு ஒரு கட்டுப்பாட்டுச் சில்லும், ஒலிபெருக்கிக்கு இன்னொன்றும் இருக்கின்றன. சும்மா விட்டால் எச்.டி.எம்.ஐ. அட்டை 0 ஆகவும், ஒலிபெருக்கி அட்டை 1 ஆகவும் அமையும். பேச்சுப் பொறி அட்டை 0ஐத்தான் தேடிப்போகும். இதைத் தலைகீழாக்க மாட்யூல் அமைப்புக் கோப்பில் 'இண்டெக்ஸ்=1,0' என்று ஒரு வரியை எப்போதோ எழுதி வைத்திருந்தேன். இயக்கியைக் கர்னலோடு சேர்த்துவிட்டால் மாட்யூலாக ஏறுவதே நடக்காது, அந்தக் கோப்பையும் யாரும் படிக்கமாட்டார்கள். அதே வரியைக் கர்னலின் தொடக்கக் கட்டளையில் கொடுக்கலாம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் என் கணக்கே தவறு. ஈஸ்பீக் கர்னலுக்கு வெளியே, வட்டிலிருந்து ஓடும் நிரல். கோப்பு முறைமை ஏறும்வரை அது பேசாது. ஒலி இயக்கி மட்டும் முன்னதாகத் தயாராகி என்ன பயன்? எல்லாவற்றையும் 'எம்'முக்குத் திருப்பினேன்.

கர்னல் அமைப்பைத் தேர்வுசெய்ய, பட்டிகளில் அம்பு விசையால் நகரும் மெனுகான்ஃபிக்கை நான் பயன்படுத்துவதில்லை. எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்பது வாசிப்பில் குழம்பிவிடுகிறது. 'ஓல்டுகான்ஃபிக்' அமைப்புக் கோப்பில் இன்னும் விடை இல்லாதவற்றை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும், கேள்விக்குறியை அடித்தால் விளக்கத்தை முழுதாகத் தரும். நிதானமாகக் கேட்கத் தகுந்த வாசகங்கள் அவை. 'பீப்' அடிக்கும் சிறிய பி.சி. ஸ்பீக்கரை ஒலி அட்டையாக்கும் இயக்கி பற்றிய விளக்கத்தில், வேறு ஒலி அட்டை இருக்கும் கணினியில் இது முந்திக்கொண்டு முதன்மைச் சாதனமாகிவிடக்கூடும் என்று வெளிப்படையான எச்சரிக்கை இருக்கிறது. 'பீப்' சத்தத்துக்கு வேறொரு எளிய இயக்கி இருப்பதால், இதற்கு 'என்', அதாவது வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி, ஆல்சாவுக்கு முந்தைய ஒலி அமைப்பான ஓ.எஸ்.எஸ். முறையைப் போலச் செய்து காட்டும் பகுதி வேண்டுமா என்பது. ஓ.எஸ்.எஸ். காலத்தில் பெரும்பாலான அட்டைகளை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் திறக்க முடியும். பாட்டு ஓடினால் திரைவாசிப்பான் காத்திருக்க வேண்டியதுதான். 1998இல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய ஆல்சா, 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் அந்த இடத்தைப் பிடித்தது. அதன் டிமிக்ஸ் வசதி பல நிரல்களின் ஒலியைக் கலந்து தருகிறது. நான் பாட்டு கேட்டபடியே கட்டளை அடிப்பதற்கு ஆல்சாவை எழுதியவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஓ.எஸ்.எஸ்.க்கும் 'என்'தான்.

கடைசியாக ஒன்று. எச்.டி. ஆடியோவில், எத்தனை விநாடி ஒலி இல்லாவிட்டால் கோடெக்கைத் தூங்கவைக்க வேண்டும் என்று ஓர் எண் கேட்கும். மின்வெட்டு நேரத்தில் பேட்டரி நீடிக்கட்டும் என்று 1 கொடுத்திருந்தேன். தூங்கிய கோடெக் விழித்தெழுவதற்குள் ஒலியின் தொடக்கம் தொலைந்துபோகிறது. நீண்ட வாக்கியத்தில் அது தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக அடித்துச் சரிபார்க்கும்போது தெரிந்தது. சி, டி, ஜி, வி எல்லாமே எனக்கு 'ஈ' என்றுதான் கேட்டன. ஒரு வாரம் என் காதில்தான் கோளாறு என்று பயந்துகொண்டிருந்தேன்.

0 கொடுத்தால் கோடெக் தூங்காது. பேட்டரி சற்று முன்னதாகத் தீர்கிறது, பரவாயில்லை. புதிய கர்னல் ஏறியதும் வெற்று முனையத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே ஐந்து விநாடி விட்டு அடித்துப் பார்த்தேன். சி. டி. ஜி. வி. நான்கும் நான்காகக் கேட்டன.