நரிக்கு ஒரு பனித்தரை

ஜனவரி 8
நரி வந்துவிட்டது. பாடம் செய்த ஆர்க்டிக் நரி, குளிர்கால மயிர். தலையைத் தாழ்த்தி, ஒரு முன்காலைத் தூக்கி, பனிக்கு அடியில் ஓடும் எலியின் சத்தத்தைக் கேட்கிற நிலை. உடம்பைச் செய்தவர் கைதேர்ந்தவர். காதைப் பார்த்தாலே தெரிகிறது. அதன் கீழே மூன்றடிப் பனித்தரை, ஓரத்தில் உறைந்த தண்ணீர். அது என் பங்கு. மார்ச் 6 கொடுக்க வேண்டும்.
கண்புரை எடுக்கக் கண் மருத்துவரிடமிருந்து அழைப்பு இல்லை.

ஜனவரி 9
அழைப்பு இல்லை.

ஜனவரி 13
ஸ்டைரோஃபோம் பலகைகளை ஒட்டிச் செதுக்கினேன். காற்று வந்த பக்கம் நீளச் சரிவு, மறுபக்கம் வெட்டிவிட்டதுபோலச் செங்குத்து. காலையில் வாகனத் தரிப்பிடத்தில் குவிந்திருந்த ஸ்நோவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிடம் இருக்கும், விரல் மரத்துவிட்டது.

ஜனவரி 17
நரி வெள்ளை இல்லை. பக்கத்தில் ஒரு தாளைப் பிடித்தால் தெரியும்: தேங்காய்ப்பால் நிறம், கழுத்தடியில் மஞ்சள். கீழே சுத்த வெள்ளையைப் பரப்பினால் நரி அழுக்காகிவிடும். ஆகவே பனிக்குள் நீலம் வேண்டும். எவ்வளவு?
பட்டறை அலுமாரியில் ஒரு பழைய தரை இருக்கிறது, அப்பச்சோடாவும் பசையும் குழைத்துச் செய்தது. இப்போது பழைய தலையணை உறைபோல மஞ்சளாகக் கிடக்கிறது. நான் கண்ணாடி மணித்தூள்தான் போடுவேன். ஒவ்வொரு மணியும் நிறமற்றது, குவிந்தால் வெளிச்சம் சிதறி வெள்ளையாகிறது. சீனியும் அப்படி, உண்மையான பனியும் அப்படி. மஞ்சளாவதற்கு அதில் எதுவும் இல்லை.
எவ்வளவு நீலம்?

ஜனவரி 24
ஐஸுக்கு ஊற்றிய எபொக்சிப் பிசின் இறுகவில்லை. விரலை வைத்தால் ரேகை பதிகிறது.

ஜனவரி 26
இன்னும் பிசுபிசுப்பு. இரண்டு போத்தலிலும் சரிக்குச் சரி எடுக்க வேண்டும், ஒரு பங்கு குறைந்தால் அது எந்தக் காலத்திலும் இறுகாது. இருபது வருடமாகச் செய்கிறேன், எனக்கு இது தெரியாதா? கோப்பையின் கோடு மங்கலாக இருந்தது. 40 என்று நினைத்தது 30. இன்று முழுக்கச் சுரண்டினேன். வீட்டில் சொல்லவில்லை.

ஜனவரி 27
சொன்னேன். மகள் ஒன்றும் பேசாமல் பத்துக் கோப்பைகளில் தடித்த கறுப்புப் பேனாவால் கோடு போட்டுத் தந்தாள்.

ஜனவரி 31
ஐஸ் சரி வந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் ஊற்றவில்லை. தடிப்பாக ஊற்றினால் தன் சூட்டிலேயே வெடித்துவிடும். போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தேன், குமிழி குறைந்தது. இரண்டாம் படைக்கு மேல் கசக்கிய பொலித்தீனை வைத்து ஊற்றினேன். குனிந்து பார்த்தால் உள்ளே விரிசல் ஓடுகிறது. நல்ல விரிசல்.
அழைத்தார்கள். பெப்ரவரி 18. முதலில் இடது கண்.

பெப்ரவரி 10
பனி போட்டாயிற்று. மணித்தூளும் அக்ரிலிக் பசையும் தோசை மாப் பதத்தில். பூசி, ஈரம் காயுமுன் தேநீர் வடியால் மேலே உலர்ந்த தூளை அரித்தேன். முகமூடி இல்லாமல் அதைத் தொடக்கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும்.
காலடித் தடத்துக்குத்தான் அரைநாள். இந்த நரிக்கு உள்ளங்காலிலும் மயிர், அதனால் குளிர்காலத் தடம் நாயினுடையதுபோல வெட்டாக விழாது. மரக்கட்டையில் கம்பளித் துண்டைச் சுற்றி, அமுக்கி, நேராகத் தூக்காமல் கொஞ்சம் முன்னால் இழுத்து எடுத்தேன். ஐந்தாவது தடம்தான் நரி நடந்ததாக இருந்தது. மற்ற நான்கையும் அழித்துவிட்டேன்.
நீலம் நான்கு சொட்டு. மூன்று போதாமல் தெரிந்தது.

பெப்ரவரி 18
முடிந்தது. மூடி போட்டிருக்கிறார்கள். சொட்டு மருந்து, நாளுக்கு நான்கு தரம்.

பெப்ரவரி 19
குளியலறை ஓடு நீலம்! பத்து வருடமாகச் சாம்பல் என்று நினைத்திருந்தேன்.

பெப்ரவரி 20
வலது கண்ணை மூடினால் தாள் வெள்ளை. இடதை மூடினால் அதே தாள் தேத்தண்ணியில் நனைத்ததுபோல. மாறி மாறிப் பார்த்தபடி இருக்கிறேன். மனைவி திட்டுகிறாள்.
நான்கு சொட்டு.

பெப்ரவரி 21
மகளைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நீலம் கூடிவிட்டதோ என்று பயந்தது சரி. நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்சிப் பெட்டி ஒன்றில் இரண்டு ஓநாய்கள் கன்ஃப்ளின்ற் ஏரிப் பனியில் ஓடிவரும், அந்தப் பனி நீலம். அது நிலா வெளிச்சம், இரவு. என் நரி நிற்பது பகலில். பகல் பனியை இப்படி யார் கண்டது? நிழல் பள்ளங்களில் பரவாயில்லை. மேட்டில் சலவை நீலம் போட்ட வேட்டிபோல இருக்கிறது.
மஞ்சள் கண்ணால் பார்த்துக் கலந்திருக்கிறேன்.

பெப்ரவரி 23
குனியக்கூடாது, தூசிக்குப் போகக்கூடாது. வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். மகள் முகமூடி கட்டிக்கொண்டு மேட்டில் மட்டும் மெல்லிசாய்ப் பசை பூசி, வடியைத் தட்டினாள்.
"காணுமா அப்பா?"
"இன்னும் கொஞ்சம், பிள்ளை. தடத்துக்குள்ளே விழவிடாதை."
விழவிடவில்லை. மேடு வெளுத்தது, பள்ளத்தில் நீலம் நின்றது. நரியின் கழுத்து மஞ்சள் அடங்கி, சுத்தமாய்த் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மற்றதையும் மூடிப் பார்த்தேன்.

பெப்ரவரி 24
பசை காயவில்லை. தூக்கிய காலுக்கு நேர் கீழே ஓரிடத்தில் தூள் பிடிக்கவில்லை, காசு அளவு. நாளைக்கு அவளுக்கு வேலை. நாளன்றைக்குத்தான்.