ஏழாவது கோழி

போன மாசம் புனலூரிலிருந்து வரும்போது கோழி கடத்துகிறேன் என்று என்னைப் பஸ்ஸை விட்டு இறங்கச் சொன்னார்கள். கையில் இருந்தது அரைக் கிலோ நேந்திரங்காய் சிப்ஸும் ஒரு கேம் கன்ட்ரோலரும். இதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டு பீரோவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பீரோவில் பத்திரக் கட்டுக்கும் அம்மாவின் கல்யாணப் புடவைக்கும் நடுவில் இருபத்தைந்து வருஷமாக ஒரு கேசட் கிடந்தது. 1999இல் சித்தப்பா ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த நிண்டெண்டோ 64 என்ற டிவி கேம் பெட்டியோடு வந்தது அது. தெருவில் மற்ற பையன்களெல்லாம் கறுப்புப் பெட்டியில் காண்ட்ராவும் மாரியோவும் ஆடிக்கொண்டிருந்த காலம், எனக்கு மட்டும் மூன்று கொம்பு வைத்த கன்ட்ரோலர், கேட்கவா வேண்டும். அந்தப் பெட்டி செங்கோட்டைக் கரண்டைச் சரியாக ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் சாரல் காற்றில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. கேசட்டைப் போட மட்டும் மனசு வரவில்லை. 1998இல் வெளிவந்த செல்டா, ஒக்கரினா ஆஃப் டைம் என்ற விளையாட்டு அதில். ஒன்பது நாளில் நான் பார்த்தது முதல் காடும் ஒரு மரத்தின் வயிறும்தான்.

மிச்சத்தைப் பார்க்க எமுலேட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆடியும் பார்த்தேன். ஆனால் எமுலேட்டர் என்பது கம்ப்யூட்டரை நிண்டெண்டோ மாதிரி நடிக்க வைப்பது. போர்ட், அதாவது அந்த விளையாட்டையே கம்ப்யூட்டருக்கென்று மாற்றி எழுதுவது, வேறு சங்கதி, இதைப் பரோட்டாக் கடையை வைத்துச் சொன்னால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். கேரள பார்டர் பரோட்டாக் கடையில் கோழி சால்னா சாப்பிடுகிறீர்கள். செய்முறை கேட்டால் கடைக்காரர் தரமாட்டார். நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு மிளகு எத்தனை, சோம்பு எவ்வளவு, எதற்குப் பின்னால் எதைப் போட்டார் என்று கண்டுபிடித்து, திரும்பத் திரும்பச் சமைத்து, ஒரு துளிகூட வித்தியாசமில்லாமல் அதே சால்னா வரும்வரை விடாமல் எழுதுகிறீர்கள். விளையாட்டில் இருந்த, மெஷினுக்கு மட்டும் புரியும் கோடை இப்படித்தான் ரசிகர்கள் சிலர் சேர்ந்து மனுஷர் படிக்கிற சி மொழிக்குத் திருப்பினார்கள், அதை மறுபடி கம்பைல் செய்தால் பைட்டுக்குப் பைட் அசலோடு ஒத்துப்போக வேண்டும் என்ற வைராக்கியத்தோடு. 2021 நவம்பரில் அந்த வேலை முடிந்தது. செய்முறை கைக்கு வந்துவிட்டால் எந்த அடுப்பிலும் சமைக்கலாம் இல்லையா, 2022 மார்ச்சில் வேறொரு குழு அதைக் கம்ப்யூட்டரில் நேரடியாக ஓடும்படி செய்து ஷிப் ஆஃப் ஹார்கினியன் என்று பெயரும் வைத்து வெளியிட்டது. அசல் பெட்டியில் நொடிக்கு 20 ஃப்ரேமைத் தாண்டாத விளையாட்டு இதில் 60இல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

ஒரே ஒரு நிபந்தனை, கோழியை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். விளையாட்டின் படம், இசை எல்லாம் நிண்டெண்டோவின் சொத்து, அதை இவர்கள் சேர்த்துத் தருவதில்லை. உங்களிடம் உள்ள கேசட்டிலிருந்து ரோம் ஃபைலை, அதாவது கேசட்டின் அச்சு அசல் நகலை எடுத்துக் கொடுத்தால், போர்ட் அதைப் பிரித்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

(எங்கள் ஊரே ஒரு போர்ட்தான் என்று சொல்லலாம். 1956 அக்டோபர் 31 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த செங்கோட்டை, மறுநாளிலிருந்து சென்னைப் பக்கம் ஓடியது. மலை அதே மலை, சாரல் அதே சாரல்.)

கேசட்டைக் கம்ப்யூட்டரில் எப்படிச் சொருகுவது? புனலூரில் எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியமான ஒரு தம்பி இருக்கிறான், மலையாளி. ஆர்டுயினோ மெகா என்ற சின்ன சர்க்யூட் பலகை ஒன்றை வைத்து இந்த மாதிரிக் கேசட்டுகளைப் படிக்கும் கருவியை அவனே கட்டியிருக்கிறான். கேசட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவன் கையில் கொடுப்பதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் அடிப்பக்கத்தை வாயருகே வைத்து 'பூ' என்று ஊதினேன்.

"ஊதல்லே அண்ணா, துரும்பு பிடிக்கும்!" என்று பதறினான்.

உள்ளே துரும்பு எதுவும் தெரியவில்லையே என்று இன்னொரு தடவை நன்றாக ஊதிப் பார்த்தேன். கேசட்டைப் பிடுங்கிக்கொண்டான். மலையாளத்தில் துரும்பு என்றால் துருவாம். எல்லையிலிருந்து இத்தனை பக்கத்தில் நாற்பது வருஷம் குடியிருந்தும் இது எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை எடுத்த ஃபைலைப் போர்ட் ஏற்றுக்கொள்ளவில்லை. அது கணக்கு வைத்துச் சரிபார்க்கிறது, ஒரு பைட் மாறியிருந்தாலும் இது எனக்குத் தெரிந்த கேசட் இல்லை என்று கையை விரித்துவிடும். தம்பி கேசட்டின் உலோகப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தான், காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான், பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது. மூன்றாவது தடவை 32 எம்பி முழுசாக இறங்கியது. என் ஒன்பது நாள் விளையாட்டு மட்டும் அதில் இல்லை. சேமித்ததைக் காப்பாற்றும் பட்டன் பேட்டரி உள்ளே எப்போதோ செத்திருக்கிறது.

சரி, வீட்டுக்கு வந்து ஆரம்பித்தேன். கூடத்தில்தான் கம்ப்யூட்டர், பக்கத்தில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளில் ககாரிகோ என்ற கிராமத்துக்கு வந்துவிட்டேன். அங்கே கோழிகள் மேய்கின்றன, குக்கோ என்று பெயர். சும்மா இருக்காமல் ஒரு கோழியை வாளால் ரெண்டு போட்டேன்.

"ஏல, வாயில்லா ஜீவன என்னத்துக்குல வெட்டுத?"

"விளையாட்டும்மா. அது சாகாது."

"சாகாதுன்னா வெட்டிக்கிட்டே இருப்பியோ?"

நான் இன்னும் நாலு போட்டேன். அந்தக் கோழி கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவியது பாருங்கள், எங்கிருந்துதான் வந்ததோ, வானத்திலிருந்து வெள்ளைக் கோழிகள் அம்பு மாதிரி பாய்ந்து பாய்ந்து கொத்த ஆரம்பித்தன. எதையும் கொல்ல முடியாது, ஓடத்தான் முடியும். எனக்கு வழி தெரிவதற்குள் கதாநாயகன் குப்புற விழுந்துவிட்டான்.

"நல்லா வேணும்" என்றாள் அம்மா. பூண்டு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்த ஊரைத் தவிர வேறு எதுவும் ஆகாது. கதையில் ஓர் இளவரசி காத்திருக்கிறாள், ஒரு கெட்டவன் நாட்டைப் பிடிக்கப் பார்க்கிறான், அதெல்லாம் பிற்பாடு. அங்கே ஒரு பெண்ணுக்குக் கோழி என்றால் உடம்பு முழுக்கத் தடித்துவிடுமாம், தப்பிப்போன ஏழு கோழிகளைப் பிடித்து வேலிக்குள் விடச் சொல்கிறாள். "கோழி ஆகாதவ எதுக்குக் கோழி வளக்கணும்" என்று கேட்டாலும், தானும் ஏழு கோழி வளர்ப்பவள் என்பதால் விடமாட்டேன் என்றாள். கோழியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து குதித்தால், அது இறக்கையடிக்க நாம் மெதுவாக மிதந்து இறங்கலாம். அதைப் பார்த்ததும் புழக்கடையில் நின்ற சேவலை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வந்தாள்.

இனி பஸ்ஸுக்கு வருவோம். கீபோர்டில் ஆடி விரல் சுளுக்கிக்கொண்டதால் புனலூர்த் தம்பி ஒரு பழைய கன்ட்ரோலரைத் தருவதாகச் சொன்னான். வாங்கிக்கொண்டு சாயங்காலப் பஸ்ஸில் திரும்புகிறேன். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்திருந்த வாரம் அது. கோழியோ முட்டையோ வருகிறதா என்று எல்லையில் வண்டிகளை நிறுத்திப் பார்த்து, டயருக்கு மருந்து அடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ்ஸையும் நிறுத்தினார்கள். ஆரியங்காவு தாண்டியதிலிருந்து சிக்னல் இல்லாத போன் அங்கேதானா அடிக்க வேண்டும்.

"அப்பா, நானும் ஆச்சியும் ஆறு பிடிச்சுட்டோம். ஏழாவது எங்கப்பா?"

பஸ் என்ஜின் உறுமிக்கொண்டிருந்ததால் நானும் உரக்கவே சொன்னேன், "பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்குடா!" டிரைவர் என்ஜினை அணைத்தார். எனக்கு அது உறைக்கவில்லை. "பெட்டிய உடைச்சாத்தான் கோழி வெளிய வரும்! தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுரு, யாருக்கும் ஒண்ணும் ஆகாது! ஆனா அடிச்சுராத, அடிச்சா மொத்தக் கோழியும் வந்துரும், உயிர் போயிரும்!"

பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. முன் சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மருந்துக் குழாயைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் படியேறினார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் இறங்குங்க. பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி சார்?"

"கோழிப் பெட்டி."

"அது ககாரிகோவுல இருக்கு சார்."

அவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் ரொம்ப யோசித்துவிட்டு, "அங்ஙனெ ஒரு ஸ்டாப்பே இல்லல்லோ" என்றார்.

கேம் சார், கம்ப்யூட்டர் கேம் என்று நான் சொல்லச் சொல்ல, பையைத் திறந்து கன்ட்ரோலரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிப்ஸ் பொட்டலத்தை முகர்ந்தார். அதற்கு மேல் வாயால் பேசிப் பிரயோஜனமில்லை என்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். எடுத்தது அம்மா.

"அம்மா, இங்க ஒரு சார் கேக்காங்க, அந்தக் கோழியக் கொஞ்சம் காட்டு."

கம்ப்யூட்டரைக் காட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா விறுவிறுவென்று புழக்கடைக்குப் போய்க் கூட்டைத் திறந்தாள். "நல்லாப் பாருங்க சார், ஏழும் நிக்கு!"

அவர் என்னைப் பார்த்தார்.

"சார், இது வேற ஏழு" என்றேன்.

நல்லவேளை, மகன் ஆச்சியிடமிருந்து போனைப் பிடுங்கித் திரைக்கு நேராகப் பிடித்தான். திரையில் கதாநாயகன் குட்டிக்கரணம் அடித்துப் பெட்டியில் மோதினான், பலகை சிதறியது, உள்ளேயிருந்து வெள்ளைக் கோழி ஒன்று இறக்கையை அடித்துக்கொண்டு வந்தது. "ஏ, வந்துட்டுய்யா!" என்று அவரே கத்திவிட்டார், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பாதிப் பஸ்ஸும் கூடக் கத்தியது. வேலிக்குள் போடும்வரைக்கும் போனைத் திருப்பித் தரவில்லை. எந்தக் கடையில் கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்று கேட்டார், என் கேசட் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், கண்டக்டர் டபுள் பெல் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனால் அம்மா முகம் தொங்கிக் கிடந்தது. கோழிக்காரப் பெண் ஏழு கோழிக்குப் பரிசாக ஒரு காலி பாட்டில் கொடுத்திருக்கிறாள். மொத்த விளையாட்டிலும் பாட்டில் நாலே நாலுதான் கிடைக்கும், மருந்து வைத்துக்கொள்ளலாம், தேவதையைக்கூடப் பிடித்து அடைக்கலாம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

"போல, நாள் பூரா ஓடிப் பிடிச்சுக் குடுத்துருக்கான் பிள்ள. ஒரு முட்டையாவது குடுத்துருக்கலாம்லா அந்த மூதேவி."